கூடுதலாக ஒரு படிவம்

10-6-2023, சனி

இந்த நோட்டு ஆலோசகர் ஜெசிந்தா மேடம் கொடுத்தது. குடும்ப ஆலோசனை மையத்தில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, வீட்டில் நடப்பதைத் தினமும் எழுதச் சொல்வார்களாம். துணைக்கு வந்தவருக்குக் கிடையாது. நான் விடவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்தாறு வருசமாக மனு எழுதுகிற செங்கோட்டுவேலு நான், எனக்கு நோட்டு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார். கொடுக்கும்போது, "பார்த்ததை மட்டும் எழுதுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

எப்படியும் மேடம் படிப்பார், அதனால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு எட்டாவது. ஆனால் அந்த எட்டாவதிலேயே ஹெட்மாஸ்டர் மகனுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தவன். ஒரு தடவை கலெக்டர் என் மனுவைக் கையில் வாங்கியதும், யார் கையெழுத்து இது என்று நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். என் படிவத்தில் ஒரு வெட்டு இருக்காது, ஒரு திருத்தம் இருக்காது. அதற்காகவே எந்த ஆபீசுக்குப் போனாலும் இரண்டு படிவம் வாங்குவேன். ஒன்றில் பிசகினால் மற்றது.

விசயத்துக்கு வருகிறேன். கோகிலா என் அக்கா மகள். அக்கா போனபிறகு என் வீட்டில் வளர்ந்த பிள்ளை. தாரை வார்த்துக் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை நவநீதன், போர் போடுகிற ரிக் வண்டி கட்டும் பட்டறையில் வெல்டர். அவன் பற்றவைத்தால் திருச்செங்கோட்டு வெல்டர்கள் எல்லாம் வந்து நின்று பார்ப்பார்கள். கல்யாணமாகி ஏழு வருசம், ஐந்து வயதில் பெண் குழந்தை. இடையில் சின்னச் சின்ன மனஸ்தாபம். மூன்று தடவை பையோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் நானே கொண்டுபோய்ச் சேர்த்துவைத்தேன். நான் பேசிய பேச்சில் மாப்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான்.

இது நாலாவது. போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்ததும் என் வீட்டுக்காரி ருக்மணி வாசலை மறித்து நின்றுகொண்டாள். "இந்தத் தடவை கொண்டுபோய் விட்டீங்கன்னா, நானும் அவகூடவே போய் அங்கயே இருந்துக்குவேன்" என்றாள். நர்சம்மாவிடம் விசாரித்து இந்த மையத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நான் முன்னாலேயே நினைத்திருந்தேன், சொல்லவில்லை.

போனதும் நாலு பக்கப் படிவம் கொடுத்தார்கள். கோகிலாவுக்கு வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. ஆகவே நான் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் பதினோரு கேள்வி, ஆம், இல்லை என்று. அதில் ஆம் விழுந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசமாட்டார்களாம். தனித்தனியாகத்தான், மாசக்கணக்கில் ஆகலாம் என்று மேசையில் இருந்த பெண் சொன்னது. படிவம் என்பது எதற்கு? வேலை நடப்பதற்கு. பதினொன்றுக்கும் இல்லை போட்டேன். முத்து முத்தான எழுத்து. கோகிலா அப்போது பாப்பாவைக் குழாயடிக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

பிறகு மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே போகும்முன் இரண்டு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமையே இருவரையும் சேர்த்து உட்காரவைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. மற்றவர்களுக்கு ஆறு மாசம் ஆகிற வேலை, எனக்கு ஒரு காலைப்பொழுது. சாயங்காலம் கோகிலா மாப்பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மீதிப் படிவம் ரெக்சின் பையில் இருக்கிறது.

11-6-2023, ஞாயிறு

ரேஷன் கடைக்குப் போனேன், பாமாயில் வரவில்லை. மத்தியானம் ருக்மணி சோறு போட்டுக்கொண்டே, கதவிடுக்கில் மாட்டினால் விரல் நசுங்கும், பின்பக்கமாக வளையுமா என்று கேட்டாள். கதவில் பல தினுசு உண்டு என்று சொன்னேன்.

13-6-2023, செவ்வாய்

இன்று ஒரு பெரியவர் உதவித்தொகை மனுவுக்கு வந்தார். வலது காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். நான் எழுதியது: இரு செவிகளும் அறவே கேளாத நிலையில், பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காமல் தினமும் உயிரைக் கையில் பிடித்து நடமாடி வருகிறேன். படித்துக் காட்டியதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டால் மனுவில் இருக்கிறபடியே சொல்லணும், ஒரு எழுத்து மாறக்கூடாது என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பினேன். அதுதான் இந்தத் தொழிலின் உயிர். மனு ஒன்று, வாய் ஒன்று என்றால் காரியம் கெட்டது.

ஒருத்தருடைய கஷ்டத்தை என்னைப்போல் எழுத இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை.

17-6-2023, சனி

முதல் தடவையாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். என்னை உள்ளே விட மேடத்துக்கு மனமில்லை. மாப்பிள்ளைதான், "மாமா இருக்கட்டுங்க மேடம், அவர்தான் எங்களுக்கு அப்பா மாதிரி" என்றான். கோகிலாவைக் கேட்டார், அவளும் தலையாட்டினாள். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசுகிறான். பட்டறைச் சூடு தலைக்கு ஏறிவிடுகிறது, வீட்டுக்கு வந்ததும் வார்த்தை தடித்துவிடுகிறது, தப்புத்தான் என்றான். மேடம் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கோபம் ஏறுவது தெரிந்ததும், நான் கொஞ்சம் வெளியே போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சாந்தமாகப் பேச வேண்டும். மாப்பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டான். இதே யோசனையை நான் பத்து வருசத்துக்கு முன்பே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கோகிலா அதிகம் பேசவில்லை. எது கேட்டாலும் முதலில் என்னைப் பார்த்தாள்.

21-6-2023, புதன்

கோகிலாவுக்குப் போன் போட்டேன். மேடம் சொன்ன வழி பிரமாதமாக வேலை செய்கிறது. இந்த வாரத்தில் இரண்டு தடவை மாப்பிள்ளை வெளியே போய்விட்டு வந்திருக்கிறான். போகும்போது வெளித்தாழ் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறானாம். திரும்பி வர மூன்று மணி நேரம், ஒரு நாள் நாலு மணி நேரம் ஆனதாம். பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது, உள்ளே வர முடியாமல் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறது.

பாதுகாப்புக்காகத் தாழ் போட்டிருப்பான் என்று சொன்னேன். கோகிலா, "செரிங்க மாமா" என்றாள்.

ருக்மணியிடம் தாழ் விசயத்தைச் சொல்லவில்லை.

24-6-2023, சனி

இன்றைக்கு மேடம் ஒரு பயிற்சி வைத்தார். வீட்டில் சொல்ல முடியாமல் மனசில் வைத்திருப்பதில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கேட்கிறவர் பதில் பேசக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். மாப்பிள்ளை முதலில் சொன்னான், சம்சாரம் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு என்று.

கோகிலாவின் முறை. வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். நான், "சொல்லு அம்மிணி, மாமா இருக்கேன்ல" என்றேன்.

சொன்னாள். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தன் பிளஸ் டூ சர்டிபிகேட், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அத்தையிடம், அதாவது ருக்மணியிடம், கொடுத்து வைத்திருக்கிறாளாம். என் வீட்டுப் பீரோவில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. எதற்கு என்று மேடம் கேட்டார். எப்போதாவது அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் என்றாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்கு இதோடு போதும், திங்கட்கிழமை நீங்க மட்டும் தனியா வாங்க கோகிலா என்றார்.

மாப்பிள்ளை சிரித்த முகம் மாறவில்லை. சொன்னதே நல்லதுங்க மேடம் என்றான். வெளியே வந்ததும் கோகிலாவின் செருப்பைக் கையில் எடுத்து அவள் காலடியில் வைத்தான். எந்தப் புருஷன் செய்வான்? பார்த்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

25-6-2023, ஞாயிறு

கோகிலாவும் பாப்பாவும் வந்திருக்கிறார்கள். அவளுக்குக் காது அடைப்பு. ஜலதோசமாக இருக்கும்.

26-6-2023, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். இடது காதில் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, எப்படி ஆச்சு என்றார். நான், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கோகிலா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகக் கேட்காததால் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. நான் என்ன சொல்கிறேனோ அதையே அவளும் சொல்வதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற ருக்மணி, "அறைஞ்சதுங்க டாக்டர். அவ புருசன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

27-6-2023, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. சிலிண்டர் வந்தது.

28-6-2023, புதன்

ரெக்சின் பையில் இருந்த மீதிப் படிவம் இந்த நோட்டுக்குள் இருந்தது. யாரோ பூர்த்தி செய்திருக்கிறார்கள். பெண்கள் சமாசாரம், நான் படிக்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

படித்தேன்.

கையெழுத்து ருக்மணியுடையது. அவள் பத்தாவது. பெண் பார்க்கப் போனபோது நானும் பத்தாவது என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் பதினோரு கேள்விக்கு ஏழு ஆம். எத்தனை முறை அடி விழுந்தது என்ற இடத்தில் நான்கு. எப்போது, எதற்காக என்ற இடத்தில் பொடி எழுத்தில் நான்கு வரி. மூன்றாவது வரி: 1999 தை மாதம், மனு எழுத வந்த ஒருவர் முன்னால் எழுத்துப்பிழையைச் சொன்னதற்காக.

எனக்கு இது மறந்தே போயிருந்தது என்று எழுதப் பார்த்தேன். மறக்கவில்லை. அந்த ஆள் போட்டிருந்த சட்டை முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது.

கடைசிக் கேள்வி, இதுபற்றி எங்கேனும் எழுத்துமூலம் புகார் கொடுத்ததுண்டா. அதற்கு அவள் எழுதியிருப்பது: இல்லை. ஊரில் மனு எழுதுகிறவர் என் வீட்டுக்காரர்.

அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

1-7-2023, சனி

தனியாக மையத்துக்குப் போனேன். திங்கட்கிழமை கோகிலா வராததால் மேடம் அவளுக்கு மூன்று தடவை போன் போட்டாராம். போன் மாப்பிள்ளையிடம் இருக்கிறது.

நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இது நான் படிக்கக் குடுத்ததில்லைங்க. உங்களுக்குத்தான்" என்றார். அதுவரைக்கும் அவருக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் வாயால் சொன்னேன். படிவத்தை நிரப்பியது நான். கேள்விகளைக் கோகிலாவுக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. விரல் கதவிடுக்கில் மாட்டவில்லை, அவன் முறுக்கியது, எனக்குத் தெரியும். மூன்று தடவை கொண்டுபோய் விட்டபோதும் தெரியும். மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டபோது நான் சொல்லி அனுப்பிய தைரியம் இதுதான்: "மாமா எழுதிட்டேன். எழுதியிருக்கிறபடியே சொல்லு, ஒரு எழுத்து மாறக்கூடாது." மனு எழுத வருகிறவர்களுக்குச் சொல்வதையே என் பிள்ளைக்கும் சொன்னேன்.

மேடம் சொன்னார், அடி இருக்கிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் இங்கே உண்மை பேசுகிறவள் வீட்டுக்குப் போய் அதற்கு அடிவாங்குவாள், அதற்காகத்தான் அந்த இரண்டாம் பக்கமே இருக்கிறது என்று. நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும் என்றார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். என் பங்கில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று இருந்தது.

சேர்ந்து உட்காருவது இனி இல்லை. கோகிலாவுக்குத் தனியாக, அடிபடுகிற பெண்களுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற பாதுகாப்பு அதிகாரியிடம் போவதானால் துணைக்கு ஆள். நவநீதனுக்குப் புதன்கிழமைகளில் தனியாக, அவன் வந்தால். அவன் மாறி, பல மாசம் கழித்து, அவளாக விரும்பினால் மட்டுமே மறுபடி ஒன்றாக. அதுவும் அவள் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கலெக்டர் என் கையெழுத்தைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. ஃபேன் காற்றில் பேப்பர் பறந்தது, பிடிக்க எழுந்தார்.

5-7-2023, புதன்

நவநீதன் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்தான். என் மேசைக்கு எதிரே ஸ்டூலில், மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். பட்டறைச் சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். மெதுவாகத்தான் பேசினான். எப்போதும்போல் நான் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட வேண்டுமாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது வந்துருமுங்க மாமா. இல்லீன்னா சேர்த்து வெக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நடக்கும்."

எழுதமாட்டேன் என்றேன். ஏன் என்றான். உன் விசயத்தில் நான் எழுதியதே பொய் என்றேன். அவன் சிரித்தான்.

"கல்யாணத்துக்கு மொத நாள் மண்டபத்துல வெச்சு என்ன சொன்னீங்க? ஆரம்பத்துலயே ஒண்ணு ரெண்டு வெச்சுட்டா அப்பறம் வீட்டுல சத்தமே இருக்காது, எங்க வீட்டைப் பாருன்னு சொன்னீங்களே. அத்தனை பேரும் சிரிச்சாங்களே மாமா."

சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். நாலு பேர் சிரிக்கட்டும் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அவனை நான் வாங்கு வாங்கு என்று வாங்கினேன், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து கைதட்டினார்கள்.

இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. "நான் சொன்னது தப்பு. இன்னைக்குப் புதன்கிழமை, மையத்துல உனக்குத் தனியா இடம் போட்டிருக்காங்க, போ. கோகிலா வரமாட்டா" என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்தபோது ஸ்டூல் விழுந்தது. என் வீட்டுப் பக்கம் போகிறானோ என்று ருக்மணிக்குப் போன் போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். உள்தாழ்.

அவன் வரவில்லை. மையத்துக்கும் போகவில்லையாம்.

8-7-2023, சனி

மூவருமாக மையத்துக்குப் போனோம். பாப்பாவையும் கூட்டிப் போனோம்.

கோகிலாவுக்கு விரல் கட்டு அவிழ்த்தாயிற்று. புதுப் படிவம் வந்ததும் பழக்கதோசத்தில் என் கை நீண்டது. அவள் இடதுபக்கம் நின்று ஏதோ சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை. சுற்றி வந்து வலதுபக்கம் நின்று, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேனா மட்டும் குடுங்க மாமா" என்றாள்.

கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் படித்து, நிறுத்தி, எழுதினாள். இரண்டாம் பக்கத்துக்கு நாற்பது நிமிஷம். நான் இரண்டு நிமிஷத்தில் முடித்த பக்கம்.

ருக்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து நாளாக அவளிடம் சொல்ல நினைத்ததை நான் இன்னும் சொல்லவில்லை. அவள்தான் பேசினாள். "மேடத்துக்கிட்ட நமக்கும் நேரம் கேட்டிருக்கேன்" என்றாள். ஒன்றாகவா என்று கேட்டேன்.

"தனித்தனியா" என்றாள். "அப்பறம் பாக்கலாம்."

அவளுடைய படிவத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டாளாம். மேசைப் பெண் என்னிடம் ஒன்று நீட்டியது. நிரப்புகிறவர் பெயர், உறவு. அதில் தகராறில்லை. இரண்டாம் பக்கம் ஆம் போட்டேன். எத்தனை முறை என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பைக்குள் கைவிட்டேன், வெறும் பை. இந்தத் தடவை ஒரு படிவம்தான் வாங்கியிருந்தேன்.

இரண்டைக் கோடு போட்டு வெட்டினேன். பக்கத்தில் நான்கு என்று எழுதினேன்.